மனுசி அடித்த பதினாலு தந்திகள்

இங்கிலீசிலே எத்தனை லட்சம் சொற்கள் இருக்கின்றனவோ எனக்குத் தெரியாது. எங்கள் சுருவிலுக்கு நாலு போதும். மதர். சீரியஸ். ஸ்ராட். இமீடியற்லி. தாய்க்குக் கடுமை, உடனே புறப்படு என்று கருத்து. இந்த நாலையும் வைத்துக்கொண்டு கொழும்புக் கந்தோர்களில் இருக்கிற தீவுப்பகுதிக் கிளாக்கர்மார் அத்தனை பேரையும் ஒரே கிழமையில் ஊருக்கு இழுத்துவிடலாம். ஆனி மாதத்தில் நயினாதீவு அம்மன் கோயில் கொடியேறினால் போதும். ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் தந்தி அடிக்கிற இராயப்பருக்குச் சாப்பிட நேரமிராது. தீவுப்பகுதித் தாய்மார் எல்லாரும் ஒன்றாகப் படுக்கையில் விழுவார்கள். தேர் முடிந்து தீர்த்தமும் முடிந்ததும் ஒன்றாகவே எழும்பிவிடுவார்கள்.

நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். பேர் வல்லிபுரம். கொழும்பிலே அரசாங்கக் கிளாக்கர். எந்தத் திணைக்களம் என்று கேளாதையுங்கோ, நான் இன்னும் பென்சன் எடுக்கவில்லை. கலியாணம் முடிந்த நாலாம் நாள் புதுமாப்பிள்ளைமார் பெண்சாதிக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுப்பார்கள். நான் மனோகரிக்கு இந்த நாலு சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு துண்டில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன்.

"இதைப் பத்திரமா வைச்சிரும். என்ரை கடிதத்திலை ‘அம்மாவுக்குச் சுகமோ, அம்மாவுக்குச் சுகமோ’ எண்டு ரண்டு தரம் கேட்டிருந்தால், இதைக் கொண்டுபோய் அடியும்."

"மாமி சுகமாத்தானே இருக்கிறா?"

"அதுதான் விசயம். சுகமா இருக்கிறவையைத்தான் சீரியஸ் எண்டு துணிஞ்சு அடிக்கலாம். மெய்யாய் வருத்தமெண்டால் கை நடுங்கும்."

"பொய்தானே?"

"பொய்யில்லை. லீவு."

அவள் அந்தத் துண்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். கெட்டிக்காரி என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று கண்டுபிடிக்கப் பதினேழு வருசம் எடுத்தது.

அந்தப் பதினேழு வருசத்தில் பதினாலு தந்தி வந்தது. என் தாயார் ஆறு தரம் சீரியஸ். மாமனார் மூன்று தரம். மாமியார் நாலு தரம். ஒருமுறை வேறு ஆள் அகப்படாமல் மனோகரி தன்னையே சீரியஸ் ஆக்கித் தானே கையெழுத்தும் போட்டு அடித்துவிட்டாள். சாகக் கிடக்கிற மனுசி மூன்று கட்டை தூரம் எப்படித் தபாற்கந்தோருக்கு வந்தாள் என்று கொழும்பில் ஒருவரும் கேட்கவில்லை. இராயப்பர் மட்டும் கண்ணாடிக்கு மேலாலே பார்த்து, "பிள்ளை, இந்தமுறை ஆர்?" என்று கேட்பாராம்.

இவ்வளவு பாடுபட்டு ஊருக்கு ஓடிவருகிறவன் ஊரோடு மாற்றம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் மனோகரியும் கேட்டாள். ஒவ்வொரு வருசமும் கேட்டாள்.

உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். நாலு நாளைக்கு வந்தால் நான் மாப்பிள்ளை. நாற்பது நாள் நின்றால் வேலியடைக்கிற ஆள். கொழும்பிலே வெள்ளவத்தையில் ஆறு கிளாக்கர்மார் சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். சமறி என்போம். சமைக்க ஒருவர் இருந்தார். பின்னேரம் கடற்காற்று, பிறகு சீட்டு, சனிக்கிழமையென்றால் படம். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையில்லை, துலா முறிந்த கிணறில்லை, எல்லை வேலிக் கதியாலை நகர்த்தி நட்ட பக்கத்து வளவுக்காரன் இல்லை. அதை விட்டுவிட்டு வர எனக்கென்ன விசரோ?

அதனால் வருசா வருசம் ஒரே பதில்தான் சொன்னேன். "எழுதிக் குடுத்தனான். துரை விடேல்லை." ஒரு முறையாவது எழுதிக் கொடுத்தேனோ? சத்தியமாய் இல்லை. எழுதக் கடுதாசி எடுத்ததுகூட இல்லை.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆனி. பதினாலாவது தந்தியின் புண்ணியத்தில் வந்து, தேரும் பார்த்து, அடுத்த நாள் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று பேப்பரைப் பறித்துக்கொண்டிருந்தது. மனோகரி சுளகில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இஞ்சாருங்கோ, சீரியஸ் எண்டால் என்ன?"

"பதினாலு தரம் அடிச்சுப்போட்டு இப்பவோ கேக்கிறீர்?"

"இல்லை, போன மாசம் அம்மா சறுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனெல்லே. டொக்ரர் காலைப் பாத்துப்போட்டு ‘நொட் சீரியஸ்’ எண்டார். அம்மாவுக்கு அந்தச் சொல்லைத் தெரியும்தானே, உங்கடை தயவிலை. முன்னுக்கு இருந்த நொட்டை அவ கவனிக்கேல்லை. அங்கையே குழறத் தொடங்கியிட்டா. இடுப்பிலை கிடந்த பெட்டகத்துத் திறப்பைக் கழட்டி என்ரை கையிலை தந்திட்டா."

"பேந்து?"

"பேந்தென்ன, வீட்டை வந்தாப்போலை திருப்பி வாங்கியிட்டா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தச் சொல்லுக்கு வேறை கருத்தும் கிடக்கோ?"

இதுதான் நான் செய்த பிழை. எனக்கு இங்கிலீசில் ஒரு கெறு உண்டு. கந்தோர்களில் இங்கிலீசு மெல்ல மெல்லப் படியிறங்கிக்கொண்டிருந்த காலம் அது. யாராவது ஒரு சொல்லுக்குக் கருத்துக் கேட்டால் எனக்கு மாலை போட்டதுபோல இருக்கும். அலுமாரியைத் திறந்து அகராதியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வடிவாக் கேளும். வருத்தம் முத்தினால் சீரியஸ். அது உமக்குத் தெரியும். சிரிக்காத மனுசனும் சீரியஸ்."

"எங்கடை பெரியண்ணை மாதிரி."

"ஓம். ஊண்டிப் படிக்கிற பிள்ளை, அதுவும் சீரியஸ்."

"அப்ப எங்கடை மூத்தவன் சீரியஸ் இல்லை."

"இல்லை. பாரதூரமான குற்றத்துக்கும் அந்தச் சொல்தான். கள்ளக் கையெழுத்து, பொய்ச் சத்தியம் அப்பிடியானதுகள்."

"பொய்த் தந்தி?"

"அது குற்றமில்லை, வழக்கம். குறுக்கை கதையாதையும். ஒருத்தன் ஒரு பெட்டையைக் கலியாணம் முடிக்கிற எண்ணத்தோடை பழகினால், அவன் அவளிலை சீரியஸ்."

"நீங்கள் என்னிலை எப்பிடி?"

"எங்கடை பேச்சுக் கலியாணமெல்லே. அதுக்கு அந்தச் சொல் வராது." அவசரமாய் அடுத்த கருத்துக்குப் போனேன். "விளையாட்டில்லாமல் மனம்வைச்சு ஒரு காரியம் செய்தாலும் சீரியஸ். துரைக்கு ஒரு விண்ணப்பம் குடுத்தால், ‘சீரியஸ் கொன்சிடரேஷன்’ எண்டு பதில் வரும். வடிவா யோசிச்சுப் பாக்கிறன் எண்டு கருத்து."

"அப்ப உங்கடை மாற்றத்துக்கும் அப்பிடிப் பதில் வந்திருக்குமே?"

நான் அகராதியில் பக்கம் தேடுகிற மாதிரிக் குனிந்தேன். அவள் ஒரு முருங்கைக்காயை முறித்துச் சுளகில் போட்டாள்.

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலையோ? பாவம். ஒரு சம்பளத்திலை எல்லாத்துக்கும் ஓடுது. இந்த வீட்டிலை நான் மாதிரி."

நல்ல பகிடி என்று சிரித்துவைத்தேன். பிறகு பல நாள் அந்தப் பேச்சை நினைத்துப் பார்த்திருக்கிறேன், சிரிப்பு வரவில்லை.

"அது கிடக்க, நாங்கள் அடிக்கிற தந்தியளை என்ன செய்யிறவை? வாசிச்சுப்போட்டு எறிஞ்சிடுவினமோ?"

"எறியிறதோ! அரசாங்கத்திலை ஒரு கடுதாசியும் சாகாது கண்டீரோ. என்ரை பேரிலை ஒரு பைல் கிடக்கு. அதிலை நூல் கோத்துக் கட்டி வைப்பினம். நான் செத்தாலும் அது இருக்கும்."

"பதினாலுமோ?"

"பதினாலும். வருசம் மாதம் திகதியோடை."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? என் வாய் அன்றைக்கு அகராதியோடு சேர்ந்து கெட்டது.

சுளகைத் தள்ளி வைத்துவிட்டு அவள் நேரே என் முகத்தைப் பார்த்தாள். "இஞ்சை ஊர்காவற்றுறைக் கந்தோரிலை ஒரு கிளாக்கர் பென்சனிலை போறாராம். இந்தமுறை ஒருக்கால் மனம்வைச்சுக் கேளுங்கோ. சின்னவளுக்கு ஒன்பது வயசாகுது. மழைக்கு வேலி விழுந்தாலும் நான், பிள்ளையளுக்குக் காய்ச்சலெண்டாலும் நான், செத்தவீடு கலியாணவீட்டுக்கும் நான். அதெல்லாம் பறவாயில்லை. உங்களுக்கு அங்கை ஒண்டு நடந்தால் எனக்கு ஆர் தந்தி அடிக்கிறது? வந்தாலும் நான் நம்புவனோ? நாங்கள்தான் அந்தச் சொல்லை இப்பிடிக் கெடுத்து வைச்சிருக்கிறமே."

அவள் கண் கலங்கியிருந்தது. "ஓம், ஓம், இந்தமுறை கட்டாயம் கேக்கிறன்" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். அந்த உண்மை அனுராதபுரம் வரைக்கும் ரெயிலில் கூடவே வந்தது. கோட்டை ஸ்ரேஷனில் இறங்கும்போது காணவில்லை.

இரண்டு கிழமை பொறுத்துக் கடிதம் எழுதினேன். "மனோகரிக்கு, நலம். விண்ணப்பம் கொடுத்தேன். துரை ஏலாது என்றுவிட்டார். உம்மை நம்பித்தான் கந்தோர் நடக்கிறது, உம்மை விடமுடியாது என்கிறார். என்ன செய்வது, எல்லாம் விதி." விதியைப் பற்றி எழுதும்போது பக்கத்து அறையில் சீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

அவளுடைய பதில் வந்தது. அழுகையிருக்கும், ஏச்சிருக்கும் என்று பயந்து பிரித்தேன். இரண்டே வரி. "கடிதம் கிடைத்தது. துரையைக் கோபிக்க வேண்டாம், உங்கள் சுகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். எனக்கு மனுசியை நினைத்துப் பெருமையாய் இருந்தது. அன்றைக்குச் சமறியில் எல்லாருக்கும் என் செலவில் ஐஸ்கிறீம்.

சரியாய் ஒரு மாதம். பெரியதுரை கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. உள்ளே போனேன். துரைக்கு முன்னால் மேசையில் என் பைல் விரித்துக் கிடந்தது. ஒரு பக்கத்தில் பெரிய கிளாக்கர் நீலகண்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீலகண்டன் நயினாதீவு, கோயிலில் பூசை செய்கிற குடும்பத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர். அவருடைய தகப்பனாரும் ஒவ்வொரு ஆனியும் சீரியஸ். அந்த மனிசன் சீரியஸாய்க் கிடந்துகொண்டே எனக்கு வருசா வருசம் விபூதி தந்திருக்கிறார்.

துரை எழும்பி வந்து என் தோளைத் தொட்டார். அவர் இங்கிலீசில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வல்லிபுரம், உம்முடைய மனைவி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன், கேளும்."

வாசித்தார். நல்ல இங்கிலீசு. ஒரு பிழை பிடிக்க முடியவில்லை, நான் தேடிப் பார்த்தேன்.

"மதிப்புக்குரிய ஐயா, என் கணவர் தங்களிடம் மாற்றம் கேட்டதாகவும் தாங்கள் மறுத்ததாகவும் எனக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தங்களை நான் குறை சொல்லவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு எப்படி நடக்கிறதென்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அவருடைய கோவையில் பதினாலு தந்திகள் இருக்கும். எல்லாம் நான் கையொப்பமிட்டு அனுப்பியவை. அவற்றை ஒருமுறை வரிசையாக வாசித்துப் பாருங்கள். வாசித்த பிறகும் அவர் கொழும்பிலேதான் இருக்கவேண்டும் என்று தாங்கள் சீரியஸாக எண்ணினால், அதை ஒரு கடிதத்தில் எனக்கு அறிவியுங்கள். அதன் பிறகு தங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன்."

பாருங்கோ, அந்தக் கடிதத்தில் ஒரு பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"நான் வரிசையாக வாசித்தேன்" என்றார் துரை. "ஐம்பத்திரண்டு, தாய் சீரியஸ். ஐம்பத்துமூன்று, தாய் சீரியஸ். ஐம்பத்தைந்து, மாமனார். ஐம்பத்தாறு, மாமியார். அறுபத்திரண்டில் மனைவியே. ஐயோ மனிசா, இது வீடோ ஆஸ்பத்திரியோ? அநேகமாய் எல்லாம் ஜூன், ஜூலை மாதத்தில். அதென்ன அப்படி?"

நான் நீலகண்டனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"காற்று, சேர்" என்றேன். "அந்த மாதத்தில் சோளகக் காற்று."

"அவ்வளவு பொல்லாத காற்றோ?"

"அது எல்லாரையும் விழுத்திப்போடும், சேர்."

நீலகண்டனுக்கு இருமல் வந்தது. துரை அவர் பக்கம் திரும்பினார். "இவருடைய மாற்ற விண்ணப்பம் எங்கே? பைலில் ஒன்றுகூட இல்லை. நான் மறுத்ததாக எழுதியிருக்கிறார். என் மேசைக்கு ஒன்றும் வரவில்லையே! என் பேரில் மறுத்தது யார்?"

நீலகண்டன் என்னைப் பார்த்த பார்வையில் அப்பளம் பொரிக்கலாம். நான் ஒரு நாளும் விண்ணப்பிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். தந்தி பொய்யென்றும் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறந்தால் நான் திறப்பேன். நான் திறந்தால் அவருடைய தகப்பனாரும் வெளியே வருவார்.

"செல்லரித்திருக்கும், சேர்" என்றார் நீலகண்டன்.

"வெட்கம்!" துரை மேசையில் தட்டினார். "ஒரு மனிதன் இவ்வளவையும் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் வேலை பார்க்கிறான், அவனுடைய விண்ணப்பத்தைச் செல் தின்கிறது!"

கடைசி முயற்சி ஒன்று செய்து பார்த்தேன். "சேர், இப்ப வீட்டில் எல்லாருக்கும் சுகம். மாற்றம் தேவைப்படாது."

"ஒவ்வொரு முறையும் லீவு முடிந்து வந்து அப்படித்தானே சொல்கிறீர்? பிறகு காற்று வருகிறது, ஆட்கள் விழுகிறார்கள்."

நான் நின்று யோசித்தேன். உண்மையைச் சொன்னால் வேலை போகும். பொய்யைக் காப்பாற்றினால் கொழும்பு போகும். இரண்டு கதவையும் அவளே திறந்துவைத்திருக்கிறாள், எதால் போனாலும் சுருவிலில்தான் போய் நிற்கவேண்டும்.

துரை கதிரையில் இருந்தார். குரல் இறங்கிவிட்டது. "நானும் உம்மைப் போலத்தான், வல்லிபுரம். இருபது வருசம் அங்கேயும் இங்கேயுமாய் வேலை பார்த்தேன். குடும்பம் தெற்கே காலி நகரில். என் மகன் இப்போது இலண்டனிலிருந்து கடிதம் போடுகிறான். காலநிலையைப் பற்றி எழுதுகிறான். அவனுக்கு என்னோடு பேச வேறொன்றும் இல்லை. உம்முடைய மனைவியின் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன், அவள் எழும்பி உள்ளே போய்விட்டாள். வாற முதலாம் திகதியிலிருந்து நீர் ஊர்காவற்றுறை. போம்."

"தாங்க் யூ, சேர்" என்றேன். வேறு என்ன சொல்ல?

சமறியில் எனக்குப் பிரிவுபசாரம் வைத்தார்கள். செத்தவீடு மாதிரி இருந்தது. ஜூன், ஜூலைக் கணக்குத் துரைக்குப் பிடிபட்டுவிட்டதென்று நீலகண்டன் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். அடுத்த ஆனிக்கு அவர் என்ன செய்வார் என்று நினைக்க எனக்கே பாவமாய் இருந்தது.

ரங்குப் பெட்டியோடு சுருவில் சந்தியில் பஸ்ஸால் இறங்கினேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று பாடமாக்கிக்கொண்டு வந்தேன். படலையைத் தள்ளின தள்ளில் பூட்டு வளைந்தது. மனோகரி முற்றத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ. பஸ் பிந்தியிட்டுதோ?"

"பஸ்ஸை விடும்! ஆர் அந்தக் கடிதம் எழுதித் தந்தது? இராயப்பரோ?"

"அவருக்குத் தந்தி இங்கிலீசுதானே தெரியும். அவரைக் கேட்டிருந்தால் நாலு சொல்லோடை முடிச்சிருப்பார்."

"அப்ப ஆர்?"

"நான்தான்." புடைப்பதை நிறுத்தவில்லை. "மூத்தவன் இங்கிலீசு தொடங்கேக்கை பக்கத்திலை இருந்து சொல்லிக் குடுக்க வீட்டிலை ஆளில்லை. அவன் பிழை விட்டால் திருத்த எனக்குத் தெரியவேணுமெல்லே. அவனோடை சேந்து படிச்சன். அவன் இடையிலை விட்டிட்டான். நான் விடேல்லை."

பாடமாக்கிக்கொண்டு வந்ததில் பாதி அங்கேயே மறந்துபோனது. பதினேழு வருசம் இங்கிலீசுக் கெறுவோடு திரிந்தவன், என் சொந்த வீட்டில் இன்னொரு ஆளுக்கு இங்கிலீசு தெரியும் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

"நான் விண்ணப்பிக்கேல்லை எண்டு எப்பத் தெரியும்?"

"முதல் வருசமே."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்ல வேணுமோ? அரசாங்கம் இல்லையெண்டு சொன்னாலும் கடுதாசியிலைதானே சொல்லும். அப்பு காணிக்கு எழுதிப்போட்டு இல்லையெண்டு வந்த கடுதாசி இன்னும் பெட்டகத்துக்கை கிடக்கு. நீங்கள் ஒரு துண்டு காட்டினீங்களோ?"

"தெரிஞ்சுகொண்டு பதினேழு வருசம் ஏன் பேசாமல் இருந்தனீர்?"

இப்போதுதான் சுளகு நின்றது. "நீங்களா ஒருநாள் எழுதுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நான் கேட்டு வாறதிலும் பாக்க நீங்களா வந்தால் நல்லதெல்லே. இந்தமுறை கண்ணாலை தண்ணி வந்தும் நீங்கள் எழுதேல்லை. அதுக்குப் பிறகுதான் பேனையை எடுத்தனான்."

நான் ரங்குப் பெட்டியின் மேல் இருந்துவிட்டேன். கோபப்பட வந்தவனுக்குக் கோபம் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

சின்னவள் பள்ளிக்கூடத்தால் வந்தாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். என்னிடம் வரவில்லை. தாயின் காதுக்குக் கிட்டப் போய், எனக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்பா எண்டைக்குப் போறார்?"

"போகார் பிள்ளை. இனி இஞ்சைதான்."

பிள்ளை திரும்பவும் பெட்டியைப் பார்த்தது. "ஏன், வேலையாலை நிப்பாட்டிப் போட்டினமோ?"

மத்தியானம் சோறும் ஒரு முருங்கையிலை வறையும். வருகிற நேரமெல்லாம் நாலு கறியோடு சாப்பிட்டுப் பழகிய நாக்கு. "நண்டு, இறால் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டேன். "அது விருந்தாளியளுக்கு" என்றாள். சின்னவள் எனக்கு எதிரே இருந்து, நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று புதினம் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் தாயைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.

சாப்பிட்டு எழும்பிக் கை கழுவும்போது எனக்கு ஒரு ஆறுதல் தோன்றியது. எது எப்படியென்றாலும் ஒரு மனுசி இவ்வளவு மினக்கெட்டு ஒரு மனுசனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது லேசான விசயமோ? தோற்றவனுக்கும் ஒரு மதிப்பு இருக்கத்தானே வேண்டும். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

"உண்மையைச் சொல்லும். நான் இல்லாமல் இருக்க ஏலாமல்தானே இவ்வளவும் செய்தனீர்?"

மனோகரி செம்பை வாங்கி வைத்தாள். அவசரப்படாமல், கேள்வியை நல்லாய் யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு ஏலும். பழகியிட்டுது. உங்களுக்காகத்தான் பயந்தனான். அம்பத்தைஞ்சு வயசிலை பென்சனோடை வந்து இறங்கினால் இந்த வீட்டிலை உங்களை ஆருக்குத் தெரியும்? இன்னும் பத்து வருசம் கிடக்கு, மெல்லமெல்லப் பழகிக்கொள்ளுங்கோ."